எம்ஜி-132: ஐந்து மில்லிகிராம் வாங்கலாமா?

செல் கல்ச்சர் பக்கம் புதிதாக வந்திருக்கிற தம்பி தங்கைகள் மாதத்துக்கு ஒருவராவது கேட்டுவிடுகிறார்கள்: "அக்கா, எம்ஜி-132 வாங்கலாமா, இல்ல நேரா போர்ட்டிசோமிபுக்கே போயிரலாமா?" இரண்டுமே செல்லுக்குள் புரதம் அரைபடுவதைத் தடுக்கிற பொருள்கள், போர்ட்டிசோமிப் புற்றுநோய் மருந்தாகவும் போடுவது. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரேயடியாக எழுதிவைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். திருநெல்வேலிப் பக்கம் ஒரு சின்ன லேபில் பிஎச்டி செய்கிறேன். நாங்கள் நாலு பேர், ஒரு இன்குபேட்டர், ஒரு மைனஸ் இருபது ஃப்ரீசர், பழைய ஸ்டோர் ரூமை அடைத்துச் செய்த ஒரு டார்க் ரூம். இதுவரை மூன்று குப்பி எம்ஜி-132 வாங்கியிருக்கிறோம். இரண்டு நன்றாக வேலை செய்தது, ஒன்று இரண்டு மாதத்தைத் தின்றுவிட்டது. மொத்தமாக ஐந்துக்கு நாலு கொடுப்பேன், அந்த ஒரு மதிப்பெண் ஏன் போனது என்பதையும் சொல்கிறேன்.

முதலில் பொருள். ஐந்து மில்லிகிராம் குப்பியைக் கையில் வாங்கினால் காலிக் குப்பியைத்தான் அனுப்பிவிட்டார்களோ என்று தோன்றும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அடியில் கோலமாவு ஒட்டியதுபோல ஒரு வெள்ளைத் தீற்றல் தெரியும், அவ்வளவுதான். சில சமயம் மூடியில் ஒட்டிக்கொண்டிருக்கும், அதனால் திறப்பதற்கு முன் சென்ட்ரிஃபியூஜில் ஒரு சுற்று விட்டுவிடுங்கள். வேதியியலில் பெரிய சிக்கல் ஒன்றுமில்லை: மூன்று லியூசின் வரிசையாக, ஒரு முனையில் மூடி போட்டதுபோல ஒரு தொகுதி, மறுமுனையில் ஆல்டிஹைடு. அந்த ஆல்டிஹைடு முனைதான் போய்ப் புரோட்டியாசோமின் வாய்க்குள் சிக்கிக்கொள்கிறது.

புரோட்டியாசோம் என்றால் செல்லுக்குள் புரதங்களை அரைக்கிற உருளை. ஏழு ஏழு துண்டாக நாலு வளையம் அடுக்கிய பீப்பாய், இரண்டு பக்கமும் தொப்பி. வெட்டுகிற இடங்கள் பீப்பாய்க்கு உள்ளே இருப்பதால் வெளியே போகிற வருகிற புரதத்தை அது தொடாது. யூபிகுவிட்டின் என்கிற 76 அமினோ அமிலச் சின்னப் புரதத்தைச் சங்கிலியாக மாட்டிக்கொண்டு வருகிற புரதத்தைத்தான் உள்ளே இழுக்கும். அந்தச் சங்கிலியை யாருக்கு மாட்டுவது என்று தீர்மானிக்கிற ஈ3 லைகேஸ்கள் மனித செல்லில் அறுநூறு அளவுக்கு இருக்கின்றன. யூபிகுவிட்டின் மாட்டிப் புரதத்தை அரைக்கிற இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்ததற்காக சீகனோவர், ஹெர்ஷ்கோ, ரோஸ் மூன்று பேருக்கும் 2004-ல் வேதியியல் நோபல் கிடைத்தது. எம்ஜி-132 செய்வதெல்லாம் அந்தப் பீப்பாய்க்குள் இருக்கிற வெட்டும் இடங்களில் ஒன்றை, பீட்டா5 என்கிற இடத்தை, முக்கியமாக அடைப்பதுதான்.

சரி, இதற்கும் செல் சாவதற்கும் என்ன சம்பந்தம்? எனக்கும் முதல் வருடம் இது மண்டையில் ஏறவில்லை. அப்போப்டோசிஸ், அதாவது செல் தன்னைத்தானே முடித்துக்கொள்வது, என்றால் ஏதோ ஒரு ஜீன் விழித்துக்கொண்டு, சாவுப் புரதம் ஒன்று புதிதாகத் தயாராகி, செல்லைக் கொல்லும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் தாத்தாவுக்குச் சேரன்மகாதேவிப் பக்கம் கொஞ்சம் வயல் உண்டு, கன்னடியன் கால்வாய்த் தண்ணீர். சின்ன வயதில் குளத்துக் கரையில் அவரோடு நிற்கும்போது, தண்ணீர் ஏன் கூடவே இல்லை, கால்வாய் வந்துகொண்டேதானே இருக்கிறது என்று கேட்டிருக்கிறேன். "மடை தெறந்திருக்குல்லா, வாரது பூரா போகுதுல்லா" என்பார். பி53 என்கிற புரதத்தைப் படிக்கும்போது அந்தக் குளம்தான் ஞாபகம் வந்தது. நல்ல செல்லில் பி53 தயாராகாமல் இல்லை, வந்துகொண்டேதான் இருக்கிறது. எம்டிஎம்2 என்கிற ஈ3 லைகேஸ் அதற்கு விடாமல் யூபிகுவிட்டின் மாட்டி அனுப்பிக்கொண்டே இருப்பதால் நிமிடக் கணக்கில் காலியாகிறது. டிஎன்ஏ உடைந்தால் செல் புதிதாக ஒன்றும் தோண்ட வேண்டாம், மடையை அடைத்தால் போதும், குளம் தானாக ஏறும். பி53-யிலும் எம்டிஎம்2-விலும் பாஸ்பேட் ஏறிப் பிடி விட்டுப்போகிறது, பி53 குவிகிறது, பிறகு செல்லை நிறுத்துவதா கொல்வதா என்கிற வேலை தொடங்குகிறது. எம்டிஎம்2 இல்லாத எலிக் கரு பிறக்காமலே செத்துவிடும், கூடவே பி53-யையும் எடுத்துவிட்டால் அதே எலி பிறந்து வளர்கிறது என்று 1995-ல் காட்டினார்கள். ஒரு மடை திறந்திருப்பதை நம்பித்தான் ஒரு முழு உயிர் நிற்கிறது. அதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இதைக் கண்ணால் பார்க்க மலிவான வழி எம்ஜி-132. எம்சிஎஃப்-7 என்கிற மார்பகப் புற்றுநோய் செல்லில் 10 மைக்ரோமோலார், நாலு மணி நேரம் போட்டேன். பக்கத்துக் குழியில் அதைக் கரைக்கிற திரவமான டிஎம்எஸ்ஓ மட்டும். ஜெல் ஓட்டி, மெம்பிரேனுக்கு மாற்றி, பி53-யை மட்டும் பிடித்துக் காட்டுகிற ஆன்டிபாடி போட்டு, டார்க் ரூமில் ஃபிலிமை டெவலப்பரில் முக்கிக்கொண்டு நிற்கிறேன். சிவப்பு விளக்கில் முதலில் ஒன்றுமே தெரியவில்லை. அப்புறம் எம்ஜி லேனில் மட்டும் ஒரு கோடு புகைபோல எழும்பி, கறுத்து, தடித்துக்கொண்டே போனது, டிஎம்எஸ்ஓ லேனில் நகக்கீறல் அளவுக்கு ஒரு நிழல். என் பின்னால் நின்ற ஜூனியர் "வந்துட்டுக்கா, பேண்ட் வந்துட்டு!" என்று கத்தினாள். தடித்த கோட்டுக்கு மேலே மங்கலாக ஏணிப்படிபோல இன்னும் சில கோடுகள் தெரிந்தன, அவைதான் யூபிகுவிட்டின் மாட்டிக்கொண்டு, அரைக்க ஆளில்லாமல் காத்துக்கிடந்த பி53. பாடப்புத்தகப் படத்தில் அம்புக்குறியாகப் பார்த்தது என் கையில் ஈரமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த ஒரு ஃபிலிமுக்காகவே இந்தப் பொடிக்கு மூன்று மதிப்பெண் கொடுத்துவிடலாம்.

ஹீலா, அதாவது கர்ப்பப்பை வாய்ப் புற்றிலிருந்து வந்த செல், வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கேயும் பி53 ஏறும், ஆனால் அங்கே மடையைத் திறந்து வைத்திருப்பது எம்டிஎம்2 மட்டுமில்லை. ஹீலாவில் பாப்பிலோமா வைரஸ் 18-இன் ஈ6 புரதம் இருக்கிறது. அது செல்லின் சொந்த லைகேஸ் ஒன்றைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் பி53 மேல் யூபிகுவிட்டின் மாட்டவைக்கிறது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் பி53 ஜீன் பெரும்பாலும் பழுதில்லாமல் இருந்தும் புரதம் இல்லாமல் போவது இதனால்தான். ஆக, ஹீலாவில் வந்த ரிசல்ட்டை வைத்து எம்டிஎம்2 பற்றி எழுதிவிடாதீர்கள், எங்கள் மேடம் முதல் டிராஃப்டிலேயே சிவப்பு மையில் வட்டம் போட்டுவிட்டார்கள்.

இதற்கு நேர்மாறான கதை எம்சிஎல்-1. இது செல்லைச் சாகவிடாமல் பிடித்துவைக்கிற பிசிஎல்-2 குடும்பத்துப் புரதம், மைட்டோகாண்ட்ரியாவில் ஓட்டை விழாமல் பார்த்துக்கொள்வது. அதே குடும்பத்தில் பிசிஎல்-எக்ஸ்எல் ஒருமுறை தயாரானால் மணிக்கணக்கில் கிடக்கும், எம்சிஎல்-1 அப்படியில்லை. சைக்ளோஹெக்சிமைடு போட்டுப் புதுப்புரதம் தயாராவதை நிறுத்தினோம். அரை மணிக்கே எம்சிஎல்-1 பாதியாகிவிட்டது, இரண்டு மணியில் தேடவேண்டியதாக இருந்தது. பிசிஎல்-எக்ஸ்எல் அசையவே இல்லை. சைக்ளோஹெக்சிமைடோடு எம்ஜி-132-உம் சேர்த்துப் போட்ட குழியில் எம்சிஎல்-1 அப்படியே நின்றது. இங்கே மடை எப்போதும் திறந்தே இருக்கிறது, கால்வாயில் வரத்து நின்ற அன்றே குளம் வற்றிவிடும். உணவில்லை, சிக்னல் இல்லை, புரதம் செய்ய முடியவில்லை என்றால் முதலில் காணாமல்போவது இந்தக் காவல்காரன்தான், அதோடு செல் சாவை நோக்கிச் சாயத் தொடங்குகிறது. மியூல் என்று ஒரு லைகேஸ் இதற்கு யூபிகுவிட்டின் மாட்டும், யூஎஸ்பி9எக்ஸ் என்று ஒன்று அதைக் கழற்றிவிடும், ஒருவர் கட்ட ஒருவர் அவிழ்க்க என்று ஓயாமல் நடக்கிறது. இத்தனை வீணடித்து ஏன் ஒரு புரதத்தைச் செய்துசெய்து அரைக்க வேண்டும் என்று கேட்டால், வேகத்துக்காக என்பதுதான் எனக்குப் புரிந்தது. ஜீனை எழுப்பி ஆர்என்ஏ எழுதிப் புரதம் செய்து அளவைக் கூட்டுவதற்கு மணிக்கணக்கில் ஆகும். மடைப் பலகையை ஏற்றி இறக்க எவ்வளவு நேரம்?

ஒரு எச்சரிக்கை இங்கேயே சொல்லிவிடுகிறேன். செல் சாகத் தொடங்கிவிட்டால், சாவின்போது புரதங்களை வெட்டுகிற நொதிகளான காஸ்பேஸ்களே எம்சிஎல்-1-ஐ வெட்டும். 16 மணி, 24 மணி கழித்து எம்சிஎல்-1 குறைந்திருக்கிறது என்றால் அது புரோட்டியாசோம் வேலையா, காஸ்பேஸ் வேலையா என்று இந்த மருந்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. கூடவே ஒரு காஸ்பேஸ் தடுப்பான் போட்ட குழி இருக்கட்டும். எம்சிஎஃப்-7-இல் காஸ்பேஸ்-3 ஆன்டிபாடி போட்டுவிட்டு பேண்ட் வரவில்லை என்று உட்கார்ந்து அழாதீர்கள், அந்த செல்லில் காஸ்பேஸ்-3 கிடையவே கிடையாது. பார்ப் புரதம் 116-இலிருந்து 89 கிலோடால்டனுக்கு வெட்டுப்படுகிறதா என்று பாருங்கள், காஸ்பேஸ்-7 அந்த வேலையைச் செய்துவிடும்.

இனி குறை. எம்ஜி-132 ஒரு மடையை அடைக்கிற பொருள் இல்லை, ஊரில் இருக்கிற அத்தனை குளத்து மடையையும் ஒரே நேரத்தில் அடைத்துவிடுகிறது. நாலு மணி நேரம் வரை நீங்கள் பார்க்க நினைத்த புரதத்தைப் பார்க்கலாம். அதற்குமேல் செல்லே தத்தளிக்கும். 24 மணி நேரம் விட்டால் ஹீலா தட்டு முழுக்க உருண்டு மிதக்கும், மைக்ராஸ்கோப்பில் குமிழ் குமிழாகக் கொப்பளித்து நிற்கும். சாவது ஏன் என்பதற்கு ஒரே காரணம் கிடையாது. சாவுக்குத் தள்ளுகிற நாக்ஸா குவிந்து, குவிந்து நிற்கிற எம்சிஎல்-1-ஐயே கட்டிப்போட்டுவிடுகிறது. கப்பா-பி தடுப்பான் அரைபடாததால் உயிர்காக்கும் ஜீன்களை எழுப்புகிற என்எஃப்-கப்பா பி உட்கருவுக்குள் போக முடியவில்லை. சரியாக மடியாத புரதங்கள் தேங்கி புரதங்கள் மடிகிற இடமான எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலத்தில் நெருக்கடி. பி53 வேறு ஏறுகிறது. இதில் எது கொன்றது என்று எம்ஜி-132 உங்களுக்குச் சொல்லாது. அதுமட்டுமில்லை, கால்பெயின், சில கேத்தெப்சின் என்று வேறு வெட்டும் நொதிகளையும் இது தொடும். ஆகவே இதில் வந்த முடிவை இன்னொரு புரோட்டியாசோம் தடுப்பானான எப்பாக்சோமிசினிலோ போர்ட்டிசோமிபிலோ ஒருமுறை போட்டு உறுதிசெய்துகொள்ளாமல் எழுதக்கூடாது. ஒரு மதிப்பெண் போனது இதற்காகத்தான்.

போர்ட்டிசோமிபுக்கே போய்விடலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். எம்ஜி என்பது மையோஜெனிக்ஸ் என்கிற அமெரிக்கக் கம்பெனியின் பெயரிலிருந்து வந்த எழுத்துகள். ஆல்ஃப்ரெட் கோல்ட்பெர்க் தொடங்கிய கம்பெனி அது, நோயில் தசை கரைந்துபோவதைத் தடுக்க முடியுமா என்று தேடித்தான் இந்தப் பொருள்களைச் செய்தார்கள். ஆல்டிஹைடு இருந்த இடத்தில் போரான் வைத்தபோது பலமடங்கு வீரியமும் குறிதவறாத தன்மையும் கிடைத்தது. அதுதான் பின்னாளில் போர்ட்டிசோமிப். 2003-ல் மல்ட்டிபிள் மைலோமா என்கிற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

எங்கள் பெரியப்பாவுக்கு அந்த நோய்தான். வாரம் தவறாமல் ஊசிக்குக் கூட்டிப்போனது நானும் பெரியம்மாவும். விரல் நுனியெல்லாம் எரிகிறது, செருப்பு காலில் இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை என்பார், இந்த மருந்துக்கு நரம்பு பாதிக்கிற குணம் உண்டு. ரத்தக் குழாயில் ஏற்றுவதைவிடத் தோலுக்கடியில் போட்டால் அது குறைவு என்று 2011-லேயே ஆய்வு வந்திருக்கிறது, அவருக்கும் அப்படித்தான் போட்டார்கள். "ஏட்டி, நீ படிக்கதுக்கும் இந்த ஊசிக்கும் சம்பந்தம் இருக்கா?" என்று ஒருநாள் கேட்டார். மைலோமா செல் என்பது ஆன்டிபாடி செய்கிற தொழிற்சாலை, ராப்பகலாகப் புரதம் செய்துகொண்டே இருக்கிறது, அதில் வீணாவதும் அதிகம், அதை அரைக்கிற இடத்தை அடைத்தால் மற்ற செல்லைவிட அது முதலில் மூச்சுமுட்டும் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "வரத்து கூடுன கொளந்தான் மொதல்ல ஒடையும்" என்றார். 2023 டிசம்பர் 17, 18-இல் நாங்கள் எல்லோரும் அதைக் கண்ணால் பார்த்தோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை, தாமிரபரணி இரண்டு கரையும் புரண்டது, மறுகால் பாய்ந்து தாங்காமல் எத்தனை குளம் உடைந்தது. பெரியப்பா சொன்னதைவிடச் சரியாக அந்த மருந்தை விளக்கிய ஒரு வரியை நான் எந்தப் பேப்பரிலும் படித்ததில்லை.

அதனால் என் பதில்: செல் சாகும் பாதையைப் பற்றி மருந்து நோக்கில் வேலை செய்கிறீர்கள் என்றால் போர்ட்டிசோமிப் வாங்குங்கள், நானோமோலார் அளவிலேயே வேலை முடியும். ஒரு புரதம் புரோட்டியாசோம் வழியாகத்தான் போகிறதா என்று பார்க்க மட்டும் என்றால் எம்ஜி-132 போதும். இன்னொரு வசதி, இது மீளக்கூடியது, மீடியத்தை மாற்றிக் கழுவிவிட்டால் புரோட்டியாசோம் திரும்ப வேலைசெய்யத் தொடங்கும்.

வாங்கும் கதை. முதல் குப்பி வெள்ளிக்கிழமை கிளம்பி, சனி ஞாயிறு கூரியர் ஆபீசில் கிடந்து, திங்கள் மத்தியானம் ஐஸ் பேக் வெந்நீராக வந்து சேர்ந்தது. மே மாதம், பாளையங்கோட்டை வெயில், சொல்லவே வேண்டாம். பொடி வடிவில் இருந்ததால் எம்ஜி-132 தப்பித்தது, அதே பெட்டியில் வந்த ஆன்டிபாடி தப்பிக்கவில்லை. அன்றிலிருந்து டீலரிடம் "திங்கள் கிளப்புங்க, இல்லன்னா அடுத்த திங்கள் கிளப்புங்க" என்று எழுத்தில் வாங்கிக்கொள்கிறோம், வந்த அன்றே யாராவது ஒருவர் வண்டியில் தெர்மாகோல் பெட்டியோடு போய் எடுத்து வந்துவிடுவோம். இரண்டாவது குப்பி, விலை குறைவு என்று வேறொரு இடத்தில் வாங்கியது. பி53 ஏறவில்லை, எம்சிஎல்-1 நிற்கவில்லை. செல்லைக் குறை சொன்னோம், ஆன்டிபாடியைக் குறை சொன்னோம், ஜூனியரைக்கூட ஒருநாள் கோபித்துக்கொண்டேன், பாவம். இரண்டு மாதம் கழித்துத்தான் யூபிகுவிட்டின் ஆன்டிபாடி போட்டுப் பார்க்கத் தோன்றியது. நல்ல எம்ஜி-132 போட்ட லேனில் மேலிருந்து கீழ்வரை கரியைத் தேய்த்ததுபோல ஒரே கறுப்பாக இழுத்திருக்க வேண்டும். அந்தக் குப்பியில் டிஎம்எஸ்ஓ லேனுக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை. கேட்டதற்குப் பதில் வரவில்லை, பணமும் வரவில்லை. புதுக் குப்பி வந்த முதல் வாரமே இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள், வேறு எதையும் தொடங்குவதற்கு முன்.

கணக்கு: ஐந்து மில்லிகிராமை 1.05 மில்லி டிஎம்எஸ்ஓவில் கரைத்தால் 10 மில்லிமோலார். இரண்டு மில்லி மீடியம் உள்ள குழிக்கு 2 மைக்ரோலிட்டர் போட்டால் 10 மைக்ரோமோலார். ஆக ஒரு குப்பியில் ஐந்நூறு குழி வரை பார்க்கலாம், அந்த வகையில் விலை கட்டுப்படியாகிறது. 25 மைக்ரோலிட்டர் வீதம் நாற்பது டியூபாகப் பிரித்து மைனஸ் இருபதில் வையுங்கள், எடுத்த டியூபை மறுபடி உறையவைக்க வேண்டாம், அந்த ஆல்டிஹைடு முனை நீண்ட நாள் பொறுக்காது. டிஎம்எஸ்ஓ 18 டிகிரியிலேயே உறைந்துவிடும், ஐஸில் வைத்துவிட்டு ஏன் பிப்பெட்டில் ஏறவில்லை என்று தேடாதீர்கள். நம்ம ஊரில் மேசையில் வைத்தாலே போதும், இரண்டு நிமிடத்தில் இளகிவிடும். மீடியத்திலும் இது வெகுநேரம் தாங்காது, ஒரே டோஸை நம்பி ஒரு நாள் முழுக்கப் பரிசோதனை வைக்காதீர்கள்.

வெள்ளத்தின்போது மூன்று நாள் கரன்ட் இல்லை. மேடம் முட்டளவு தண்ணீரில் நடந்து லேபுக்கு வந்து, டியூபையெல்லாம் ஐஸ் நிரப்பிய பெட்டிக்கு மாற்றிவைத்தார்கள். முதல் குப்பியில் மிச்சமிருந்த டியூபுகள் அதில்தான் பிழைத்தன, பிறகு போட்டுப் பார்த்தோம், பேண்ட் வந்தது.

மூன்றாவது குப்பியில் இப்போது பதினோரு டியூப் இருக்கிறது. நெல்லை, தென்காசி, தூத்துக்குடிப் பக்கம் யாருக்காவது ஒரே ஒரு பரிசோதனைக்கு மட்டும் வேண்டும், அதற்காக ஒரு குப்பி வாங்க வழியில்லை என்றால் கேளுங்கள், இரண்டு டியூப் தருகிறேன். வரும்போது ஐஸ் பெட்டி கொண்டுவாருங்கள், வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், அன்றைக்கு டார்க் ரூம் என் முறை.